செதிலானந்தரும் ஜபம் செய்த ஜிலேபி மீன்களும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை விவேக் நகரில் நின்ற ஆட்டோ வரிசை, வாலை ஆஸ்டின் டவுனில் விட்டுவிட்டுத் தலையை மட்டும் இங்கே நீட்டிக்கொண்டிருந்தது. அமைச்சர் யாரும் வரவில்லை. குழாயில் தண்ணீரும் வரவில்லை. வந்திருந்தவர் செதிலானந்த சுவாமிகள். மீன்களுக்குப் பேய் ஓட்டுகிறவர்.

மனிதனுக்குப் பேய் ஓட்டத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மீனுக்கு ஓட்ட இந்தப் பூமியிலேயே இவர் ஒருவர்தான் என்று செய்தி பரவியிருந்தது. விடுவார்களா? ஜனம் மீனோடு வந்தது. பக்கெட்டில் கொண்டுவந்தார்கள், குக்கரில் கொண்டுவந்தார்கள். ஒருவர் தன் தங்கமீனைப் பாட்டிலில் போட்டு, பாட்டிலுக்கு ஹெல்மெட் மாட்டி, தான் வெறுந்தலையோடு ஸ்கூட்டரில் வந்தார். க்யூவில் நின்ற ஓர் அம்மாள் செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கருவாடு.

"ஏழு மாசமா கண்ணே தொறக்கல சாமி."

சுவாமிகள் அசரவில்லை. கருவாட்டின் நெற்றி எது என்று ஒரு கணம் தேடினார். கண்டுபிடித்து வெள்ளைப் பொடியைப் பூசினார்.

"கர்மா ரொம்பக் கெட்டியா இருக்கும்மா. அடுத்த ஞாயித்துக்கெழம திரும்பக் கொண்டா."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மாள் கருவாட்டை மார்போடு அணைத்தபடி போனார். அவர் போன பிறகும் வாசனை மட்டும் க்யூவில் தன் இடத்தை விடாமல் நின்றது.

இத்தனை கோலாகலத்துக்கும் காரணகர்த்தா தியோடர்.

தியோடர் கோலார் தங்க வயல் ஆள். சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் காற்று வேலை பார்த்தவர். பூமிக்குள் இரண்டு மைல் ஆழத்தில் பாறை வெட்டுகிறவன் மூச்சுவிட வேண்டும் அல்லவா? மேலேயிருந்து குழாய் வழியாகக் காற்றை இறக்கி, எந்தச் சந்துக்கு எவ்வளவு என்று பிரித்து அனுப்பியது தியோடரின் பிரிவு. சுரங்கத்தை மூடினார்கள். தியோடர் பெங்களூருக்கு வந்தார். விவேக் நகரில் காற்று யார் தயவும் இல்லாமல் தானாகவே வந்துகொண்டிருந்தது. மனிதருக்குக் கை அரித்தது. மொட்டை மாடியில் தார்ப்பாய்த் தொட்டி இரண்டு கட்டி மீன் வளர்க்க ஆரம்பித்தார்.

வட்டத் தொட்டி, இடுப்புயரம். தொட்டிக்கு ஐந்நூறு ஜிலேபி மீன். அத்தனை மீன் அவ்வளவு தண்ணீரில் இருப்பது, பீக் அவரில் மெஜஸ்டிக் பஸ்ஸில் நிற்பதைப் போன்றது. மூச்சுக்குக் காற்று போதாது. அதனால் ப்ளோயர் என்று ஒரு மோட்டார் இரவும் பகலும் ஓடிக் குழாய் வழியாகக் காற்றை அடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் உலைபோலக் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த மோட்டார் சத்தம் கேட்டால்தான் தியோடருக்குத் தூக்கமே வரும். அவர் மனைவி லூர்துமேரிக்கு அதனாலேயே வராது.

தியோடர் பேசினால் பாறையும் மீன் வளர்க்கும். ஒரே வருஷத்தில் சுற்றுவட்டாரத்தில் பதினாலு மொட்டை மாடிகளில் தொட்டி எழும்பிவிட்டது. சங்கம் வைத்தார்கள். தியோடர் தலைவர். சங்கத்தின் பொதுச்சொத்து ஒன்றே ஒன்று: ஒரு கைவலை. திங்கட்கிழமை தியோடர் வீட்டுத் தொட்டியில் முங்கும், செவ்வாய்க்கிழமை முனியப்பன் வீட்டுத் தொட்டியில் முங்கும், இப்படியே ஈரம் காயாமல் பதினாலு மாடியும் ஏறி இறங்கும். ஒற்றுமைக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும் என்று தியோடர் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவார். கைதட்டுவார்கள்.

மீன்துறையிலிருந்து சுனிதா என்ற அதிகாரி ஒரு நாள் வந்து வகுப்பெடுத்தார். 'தொட்டியில் நோய் வந்தால்' என்று ஒரு தாள் கொடுத்தார். தாள் கனமாக, வழவழப்பாக, நல்ல தரத்தில் இருந்தது. லூர்துமேரி அதை ஊறுகாய் ஜாடிக்கு மூடியாகக் கட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது.

பிறகு நோய் வந்தது.

தியோடர் எங்கேயோ நாற்பது குஞ்சு வாங்கி வந்து நேரே தொட்டியில் கொட்டியிருந்தார். இரண்டே வாரத்தில் மீன்கள் விலாவைத் தார்ப்பாயில் தேய்க்க ஆரம்பித்தன. துள்ளின. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. தினமும் நாலைந்து மல்லாந்து மிதந்தன. தியோடருக்குச் சோறு இறங்கவில்லை. தலைவர் வீட்டு மீனே சாகிறது என்றால் அவர் பேச்சைக் கேட்டுத் தொட்டி கட்டிய பதின்மூன்று பேர் முகத்தில் எப்படி விழிப்பது?

அப்போதுதான் முனியப்பன் வாட்ஸாப்பில் வந்த சுவாமிகள் வீடியோவோடு ஓடிவந்தார். வாட்ஸாப்பில் வந்துவிட்டால் முனியப்பன் பூமி தட்டை என்றும் நம்புவார், மத்தியானம் இன்னொன்று வந்தால் உருண்டை என்றும் நம்புவார்.

"தியோடர் அண்ணா, பாருங்க! மீனுங்க ஜபம் பண்ணுதுங்க!"

சுவாமிகள் வந்தார். காவி வேட்டி. கழுத்தில் சிப்பி மாலை, அதன்மேல் ஜெபமாலை, கையில் பச்சைக் கயிறு. மீனுக்கு மதம் இல்லை, மீன் வளர்க்கிறவனுக்கு உண்டு, எதற்கு வம்பு? தொட்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். தியோடரின் பழைய வேலையைப் பற்றி முனியப்பன் கீழே படியில் வைத்தே சொல்லிவிட்டிருந்தார். இருந்தாலும் சுவாமிகள் கண்ணை மூடித்தான் கண்டுபிடித்தார்.

"சுரங்கம் தெரியுது. இருட்டு தெரியுது. கீழ போயி மேல வராதவங்க தெரியறாங்க. நீ அன்னிக்கு அவங்களுக்குக் காத்து அனுப்புன. அந்த ஆவிங்க அதே காத்துக் குழாயப் பிடிச்சிக்கினு இங்க வந்துடுச்சுப்பா."

கீழே போய் மேலே வராத எட்டுப் பேரை தியோடருக்குப் பெயரோடு தெரியும்.

"இன்னா பண்ணணும் சாமி?"

"குழாய மூடு. ஆவி வர்ற வழி அதான்."

தியோடர் ப்ளோயரை அணைத்தார். அரை மணி நேரம் மௌனம் என்றார் சுவாமிகள். அரை மணி நேரம் மாடியில் ஈ கூட மரியாதையாகப் பறந்தது. பிறகு சுவாமிகள் சங்கை எடுத்து ஊதினார்.

அற்புதம்! அடியிலிருந்து ஒன்று, பத்து, ஐந்நூறு என்று மீன்கள் மேலே வந்தன. தண்ணீருக்கு மேலே வாயை நீட்டின. திறந்தன, மூடின, திறந்தன, மூடின.

"பாத்தீங்களா! நாமம் சொல்றாங்க!" என்று கத்தினார் சுவாமிகள்.

கூட்டத்தில் பாதிக்கு 'ஓம்' என்று கேட்டது. மீதிப் பாதிக்கு 'ஆமென்' என்று கேட்டது. மீன் எதையும் சொல்லவில்லை என்பது ஒருவருக்கும் கேட்கவில்லை.

சுவாமிகள் சாக்கிலிருந்து வெள்ளைப் பொடியை அள்ளித் தூவினார். சற்று நேரத்தில் மீன்கள் அடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஆவி போயிற்று. அடுத்து சங்கமத் தீர்த்தம்: எல்லாத் தொட்டியிலிருந்தும் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து ஒரே பித்தளைக் குடத்தில் கலந்து, எல்லாத் தொட்டிக்கும் திரும்ப ஒரு சொம்பு. கடைசியாக, மிச்சம் மீதி தோஷத்தைச் சுமந்து போக வீட்டுக்குப் பத்து மீன். சுவாமிகளே பொறுக்கினார். தோஷம் கனமானது என்பதால் பத்தும் கனத்த மீன்களாகப் பார்த்துப் பொறுக்கினார். அவற்றுக்கு அவரே மோட்சம் கொடுத்துவிடுவாராம்.

மூன்று ஞாயிறு இப்படிப் போனது. முதல் ஞாயிறு தியோடர் தொட்டியில் மட்டும் இருந்த அரிப்பு, மூன்றாவது ஞாயிறு பதினாலு மாடியிலும் பரவியிருந்தது. ஆனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிழைத்த மீன் சுவாமிகள் அருளால் பிழைத்தது. செத்த மீன் சுவாமிகள் அருளால் முக்தி அடைந்தது. இப்படி ஒரு வைத்தியம் மனிதர்களுக்குக் கிடைத்தால் ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றையும் கல்யாண மண்டபமாக மாற்றிவிடலாம்.

ஒரே ஒரு வீட்டில்தான் அற்புதம் பிசகியது. ரகு வீட்டில். மற்றவர்கள் ஜிலேபி வளர்த்தபோது ரகு மட்டும் விரால் வளர்த்தார். அங்கே ப்ளோயரை ஒரு மணி நேரம் அணைத்தும் ஒரு விரால்கூட ஜபம் செய்யவில்லை. எப்போதாவது ஒன்று சாவகாசமாக மேலே வந்தது, ஒரு வாய் காற்றை விழுங்கியது, சுவாமிகளை ஏற இறங்கப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது.

"நாத்திக மீனு," என்று தீர்ப்பளித்தார் சுவாமிகள்.

அன்றிலிருந்து ரகுவுக்குப் பால்காரர்கூடப் பாலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே வந்துவிடுவோம். கருவாட்டுக்குத் தேதி கொடுத்துவிட்டுச் சுவாமிகள் எழுந்து நின்று கையை உயர்த்தினார்.

"தனித்தனியா வெரட்டுனா ஆவி பக்கத்து மாடிக்குத் தாவுது. அடுத்த ஞாயிறு மகா சங்கமம். பதினாலு மாடியிலயும் ஒரே நேரத்துல காத்த நிறுத்தணும். மூணு மணி நேரம். தியோடர் விசில் ஊதுவாரு, எல்லாரும் சுவிட்ச அணைக்கணும்."

தியோடரிடம் சுரங்கத்துக் காலத்துப் பித்தளை விசில் ஒன்று இருந்தது. அதை அன்று இரவே பாலிஷ் போட்டு வைத்தார். லூர்துமேரி பார்த்துக்கொண்டே இருந்தார். "என் தாலிக்குக்கூட நீங்க இப்டி பாலிஷ் போட்டதில்ல," என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் முத்தம்மா மாடியேறி வந்தார். முத்தம்மாவும் தங்க வயல்தான். தியோடரோடு சுரங்கத்தில் வேலை செய்தவரின் மனைவி. முப்பது வருஷமாகத் தெருமுனையில் மீன் விற்கிறார். தியோடரின் மீன்களை வாங்கிக்கொண்டிருந்தவர், இரண்டு வாரமாக வாங்கவில்லை.

"வா முத்தம்மா. எவ்ளோ வேணும்?"

"மீனு வேணாம்ணா. சந்தேகம் ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். தோஷம் சொமக்குற மீனு எல்லாம் ஏன் ஒரு கிலோவுக்கு மேலயே இருக்குது? அரைக் கிலோ மீனுக்குத் தோஷமே வராதா?"

"சாமி விஷயத்துல கிண்டல் வேணாம்."

"சரி, கிண்டல் வேணாம். கையக் காட்டு."

முத்தம்மா கையை விட்டு ஒரு ஜிலேபியைப் பிடித்தார். பிடித்தது தெரியாமல் பிடித்தார். விலாவில் நகத்தால் நெம்பி எதையோ எடுத்துத் தியோடரின் உள்ளங்கையில் வைத்தார். துவரம்பருப்பில் பாதி இருக்கும், கண்ணாடிபோல இருந்தது. நடந்தது.

"இதான் உன் ஆவி. மீன் பேனு."

"ஆவி எந்த ரூபத்துலயும் வரும்னு சாமி சொன்னாரு."

"வரும் வரும். எட்டுக் காலு வெச்சிக்கினு உன் கையில குறுகுறுன்னு ஊறும். ஏண்ணா, ஒரு தலையில இருக்கிற பேனு இன்னொரு தலைக்கு எப்டிப் போவும்? சீப்புலதான? உங்க சங்கத்துல தலை பதினாலு, சீப்பு ஒண்ணு." சுவரில் தொங்கிய கைவலையை முகவாயால் காட்டினார். "அதுவும் பத்தலன்னு உங்க சாமி பதினாலு தலையையும் ஒரே அண்டாவுல முக்கி முக்கி எடுக்கிறான்."

தியோடர் வலையைப் பார்த்தார். ஒற்றுமை அங்கே சொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"எல்லாம் சரி. மீனு ஜபம் பண்ணுதே? என் ரெண்டு கண்ணால பாத்தேனே? அதுக்கு இன்னா சொல்ற?"

முத்தம்மா கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார்.

"தொண்ணூத்தி ரெண்டுல எங்க வூட்டுக்காரர் கீழ மாட்டிக்கினாரே, ஞாபகம் கீதா?"

"மறக்க முடியுமா? பாறை சரிஞ்சி குழாய் நசுங்கிப் போச்சு. ஒம்பது மணி நேரம்."

"மொதல்ல உள்ள பூந்து பாத்தது நீதான? அப்ப அவரு எப்டி இருந்தாரு?"

"எப்டி இருந்தாருன்னா... மல்லாக்கப் படுத்துக்கினு, தலையத் தூக்கிக்கினு, வாய இப்டி..."

தியோடர் செய்து காட்டினார். முகத்தை மேலே நீட்டி வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

பக்கத்தில் ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷம் காற்றுக்கு வேலை பார்த்த மனிதர், மூச்சு முட்டியவனின் முகத்தை மூன்று ஞாயிறு ஆயிரம் மீனில் பார்த்துவிட்டு, அதற்குச் சாம்பிராணி காட்டியிருக்கிறார்.

"அன்னிக்கு நீ சங்கு ஊதலண்ணா," என்றார் முத்தம்மா. "வேற குழாய இழுத்தாந்து தொறந்துவுட்ட. மந்திரம்கூடச் சொல்லல. நீ சொன்னதெல்லாம் கெட்ட வார்த்த. என் புருஷன் இன்னி வரைக்கும் அத சொல்லிச் சொல்லி சிரிக்கிறாரு."

தியோடர் மெதுவாக உட்கார்ந்தார்.

"மூணு மணி நேரம், முத்தம்மா. பதினாலு மாடி. அரை மணிக்கே இப்டி ஆவுதுன்னா... ஒண்ணு மிஞ்சாது."

"அப்ப வேணாம்னு சொல்லு."

"கேக்க மாட்டாங்க. நான்தான சாமிய கூட்டியாந்தவன்? நான் இல்லன்னா முனியப்பன் விசில் ஊதுவான். நான் தலைவர்மா, இப்ப போயி எப்டி..."

"தலைவரு, அதான் சொல்றேன். தலை ஒண்ணு உனக்கு இருக்குதுன்னு பதினாலு வீட்டுக்காரனும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான். ஒரு நாளாவது யூஸ் பண்ணு."

மகா சங்கமத்தன்று கூட்டம் போன வாரத்தைவிட இரண்டு மடங்கு. ஆட்டோ வரிசையின் வாலை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஓசூரில் பார்த்ததாக முனியப்பன் சொன்னார். பதின்மூன்று மாடிகளிலும் வீட்டுக்கு ஒருவரைச் சுவிட்ச்சில் கட்டைவிரலோடு நிறுத்திவிட்டுச் சங்கத்தார் தியோடர் மாடிக்கு வந்திருந்தார்கள். எல்லார் போனிலும் வீடியோ. சுவாமிகள் இரண்டு தொட்டிக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு நின்றார். காலடியில் பொடிச் சாக்கு, எல்லாத் தொட்டித் தண்ணீரும் ஏற்கெனவே கலந்த பித்தளைக் குடம். கருவாட்டு அம்மாள் பொட்டலத்தோடு முதல் வரிசையில் இருந்தார். முத்தம்மா இடுப்பில் கூடையோடு வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றுகொண்டார்.

"தியோடர், விசில்!"

தியோடர் விசிலை வாயில் வைத்தார். பதின்மூன்று கட்டைவிரல்கள் விறைத்தன. விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"சாமி, ஒரு சின்ன சந்தேகம்."

"சந்தேகம்தான்பா ஆவிக்குச் சாப்பாடு."

"பரவால்ல, இன்னிக்கு வயிறு முட்டத் தின்னட்டும். ப்ளோயர் இப்டியே ஓடட்டும் சாமி. நீங்க மந்திரம் சொல்லுங்க. மீனுங்க மேல வந்து ஜபம் பண்ணட்டும். உங்க சக்திக்கு ஒரு மோட்டார் குறுக்க வருமா இன்னா?"

"தியோடர் அண்ணா! இன்னா கலாட்டா பண்றீங்க!" என்று பதறினார் முனியப்பன். ஆனால் தங்கமீன்காரர் ஹெல்மெட்டைத் தட்டி, "கரெக்ட்டு! மோட்டாரே ஓடட்டும்! சாமிக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார். பக்தியில்தான் சொன்னார். கூட்டமும் பக்தியில் ஆமோதித்தது. சுவாமிகளுக்கு வழி இல்லாமல் போயிற்று.

சொன்னார். மந்திரம் தீர்ந்துபோய் முதலிலிருந்து சொன்னார். சங்கு ஊதினார். அல்சூர் ஏரியில் இருந்த கொக்குகள் எழுந்து பறந்திருக்கும், அப்படி ஊதினார். அரை மணி நேரத்தில் தொட்டியிலிருந்து ஒரே ஒரு மீன் மேலே வந்தது. மிதந்த பொரி ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

"கூட்டத்துல நாத்திகன் ஒருத்தன் இருக்கான்!" என்று கர்ஜித்தார் சுவாமிகள்.

எல்லாத் தலையும் ரகு பக்கம் திரும்பியது. ரகு கையைத் தூக்கினார். "சார், நான் இப்பத்தான் நாஷ்டா முடிச்சிட்டு வரேன். நாத்திகம் பண்ண இன்னும் டைமே கிடைக்கல."

"சாமி களைச்சிட்டாரு," என்றார் தியோடர். "ரெண்டாவது தொட்டிக்கு வேற ஆளு மந்திரம் சொல்லட்டும்." இரண்டாவது தொட்டிக்குப் போகும் காற்றுக் குழாயை மட்டும் அடைத்தார். அடைத்த கையைக் குழாயிலிருந்து எடுக்கவே இல்லை.

முத்தம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தார். கண்ணை மூடினார். முப்பது வருஷமாகக் கூடையோடு பஸ்ஸில் போகிறவர். கண்டக்டர் சொல்லும் அத்தனையும் மனப்பாடம்.

"மெஜஸ்டிக் மெஜஸ்டிக் மெஜஸ்டிக்! ரிச்மண்ட் டவுன், கார்ப்பரேஷன், மெஜஸ்டிக், ஒக்கலிபுரம்! டிக்கெட் டிக்கெட்! சில்லரே கொடி! முந்தே ஹோகி, முந்தே ஹோகி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சில்லறை கொடுங்க, முன்னால் போங்க என்று கன்னடத்தில் தினமும் திட்டு வாங்குகிற ஜனம்தானே. முத்தம்மா நிறுத்தவில்லை. ஒக்கலிபுரம் போய்ச் சேர்ந்து, அதே பஸ்ஸில் திரும்பினார். மறுபடி கிளம்பினார். சிரிப்பு அடங்கிக் கொட்டாவி வந்தது. தியோடர் மட்டும் தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூன்றாவது டிரிப்பில், கார்ப்பரேஷன் தாண்டும்போது, ஒரு ஜிலேபி மேலே வந்து வாயைத் திறந்தது.

பிறகு பத்து. பிறகு நூறு. "முந்தே ஹோகி!" என்றார் முத்தம்மா. தொட்டியில் இருந்த மீன்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு மேலே வந்து வாயைத் திறந்தன, மூடின, திறந்தன, மூடின. சுவாமிகளுக்குச் செய்ததைவிட ஒருபடி அதிகப் பக்தியோடு கண்டக்டர் மந்திரத்தை ஜபித்தன.

தியோடரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. குழாயைத் திறந்துவிட்டார். காற்று குபுகுபுவென்று கிளம்பியது. முத்தம்மா கண்ணைத் திறந்து, ஸ்டாப் வந்தது, இறங்குங்கள் என்று கண்டக்டர் சொல்லிக் கேட்ட அதே குரலில், "ஸ்டாப் பந்து! இளீரி, இளீரி!" என்றார். சொன்னபடியே மீன்கள் ஒவ்வொன்றாக இறங்கிப்போயின. பொடி ஒரு சிட்டிகை விழவில்லை.

"மூச்சு முட்டுச்சு, வாயத் தொறந்துச்சு. காத்து வந்துச்சு, எறங்கிப் போச்சு," என்றார் தியோடர். "ரகு வீட்டு விராலு மேல வந்து நேராக் காத்தை முழுங்குற சாதி. அதுக்கு ப்ளோயரும் வேணாம், சாமியும் வேணாம். நாத்திகமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

ரகு முதல்முறையாகத் தலைநிமிர்ந்தார்.

"அப்ப விபூதி?" என்று யாரோ கேட்டார்கள். முத்தம்மா ஒரு தம்ளர் தண்ணீரில் சாக்குப் பொடியைப் போட்டார். சோடாபோலப் பொங்கி வழிந்தது. தியோடர் சாக்கைத் திருப்பினார். காவித் துணிக்குள் இன்னொரு சாக்கு இருந்தது. அதன் மேல் அச்சடித்திருந்தது: குளத்துக்கு ஆக்சிஜன் தரும் பொடி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். தீவனக் கடையில் யார் கேட்டாலும் கிடைக்கும். பக்தர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று மட்டும் போடவில்லை.

"தீர்த்தத்தையும் பாத்துடுவோம்." முத்தம்மா வெள்ளைப் பீங்கான் தட்டில் குடத்துத் தண்ணீரை ஊற்றினார். துவரம்பருப்பில் பாதி, கண்ணாடிபோல, பத்துப் பன்னிரண்டு மீன் பேன்கள் சந்தோஷமாக நீந்தின. தட்டு கைமாறிக் கைமாறிக் கூட்டத்தைச் சுற்றியது. மூன்று வாரமாகத் தங்கள் தொட்டியில் தாங்களே பயபக்தியோடு ஊற்றியது என்ன என்று ஒவ்வொருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"தோஷம் சொமந்த மீனு எங்க போச்சுன்னும் கேளுங்க," என்றார் முத்தம்மா. "திங்கக்கெழம காலைல மார்க்கெட்டுல நான் மீனு எடுக்குற எடத்துக்கு அடுத்த கடையில பேண்ட் சட்டை போட்டுக்கினு வித்துக்கினு இருந்தாரு, உங்க சாமி. மோட்சம் கிலோ கணக்குல போச்சு."

ஸ்டூல் காலியாக இருந்தது.

சுவாமிகள் படியில் இறங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. தெருவில் ஓடியதை எல்லாரும் பார்த்தார்கள். சிப்பி மாலை கலகலக்க, ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் சங்கு. திருப்பத்தில் கிளம்பிய பஸ்ஸில் தாவி ஏறினார். உள்ளே நெரிசல். கண்டக்டர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "முந்தே ஹோகி!" என்றார். சுவாமிகள் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார், மறுபேச்சில்லாமல் முன்னால் போனார். அந்த மந்திரத்துக்கு அவ்வளவு சக்தி.

மாடியில் தியோடர் லூர்துமேரியைக் கூப்பிட்டார். "மேரி, அந்த ஊறுகாய் ஜாடி மூடியக் கொண்டா." எண்ணெய் ஊறிய தாளை விரித்துச் சத்தமாகப் படித்தார். தொட்டிக்குத் தொட்டி தனி வலை. புது மீனை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்க்கவும். பேன் வந்தால் இடுக்கியால் எடுக்கவும், உப்புத் தண்ணீரில் அளவோடு குளிப்பாட்டவும். காற்றை நிறுத்த வேண்டாம். ஐந்து மாதமாக மாங்காய் ஊறுகாயைத்தான் அந்தத் தாள் நோயிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஜாடியில் ஒரு பேன் இல்லை.

"நான்தான் கூட்டியாந்தேன்," என்றார் தியோடர், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "செத்த மீனெல்லாம் என் கணக்கு. மன்னிச்சிடுங்க. ஆனா இருக்கிறது இருக்கு, அதையாவது காப்பாத்துவோம்."

அன்று மத்தியானமே தியோடர் லூர்துமேரியின் புருவம் பிடுங்கும் இடுக்கியோடு, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மீனாக மடியில் போட்டுப் பேன் பார்க்க உட்கார்ந்தார். பக்கத்தில் முத்தம்மா உப்புத் தண்ணீர் டப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார். செத்ததும் போனதும் போக எண்ணூறு மீன். மூன்று நாள் ஆகும்.

கருவாட்டு அம்மாள் தயங்கித் தயங்கி வந்தார். "இதுக்கு...?"

"இதுக்கு வெங்காயம், தக்காளி, ரெண்டு கத்திரிக்கா," என்றார் முத்தம்மா.

எல்லாரும் போன பிறகும் ஒருவர் மட்டும் நின்றார். முனியப்பன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முத்தம்மாவிடம் குனிந்து, பணிவாகக் கேட்டார்.

"அம்மா, அந்த ஹோகி மந்திரத்த எந்தத் திசையப் பாத்துச் சொல்லணும்? சொல்றதுக்கு முன்னாடி குளிக்கணுமா?"

முத்தம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். தியோடர் மடியிலிருந்த மீனைத் தண்ணீரில் விட்டார். அது போய்ச் சேரும் வரை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"முனியப்பா, இந்த மீனுக்கு மூளை மிளகு அளவுதான். அது காத்து இல்லாம வாயப் பொளந்துச்சு. உன்னச் சுத்தி பெங்களூர்க் காத்து முழுசும் இருக்குது. நாம எதுக்குடா பொளந்தோம்?"

முனியப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடினார்.

மொட்டை மாடியில் ப்ளோயர் ஓடுவதைப் போல ஒவ்வொரு தலைக்குள்ளும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மின்சாரம்கூட வேண்டாம். அதைக் கொஞ்ச நேரம் அணைத்து வை என்று கும்பிட்ட கையோடு ஒருவர் வந்தால், அவருடைய சாக்கை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.